தினமும் காலை 8 மணிக்கு

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கைக்கு ஒரு நோட்டு வந்து சேர்ந்தது. நீள நோட்டு, காலிகோ அட்டை. உப்புக்காற்றில் ஓரமெல்லாம் பொரிந்து, தொட்டால் தூள் கொட்டியது. கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன மீன்பிடி இறங்குதளம். அதன் தூண் ஒன்றில் கேஜ் போர்டு அடித்திருந்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாக சென்டிமீட்டர் கோடுகள். அங்கே காவலுக்கு இருந்த அண்ணன் தினமும் காலை 8 மணிக்குப் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதிவைப்பார். இரண்டு வருஷம், ஒரு நாள் விடாமல். மொத்தம் 730 எண்கள்.

அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். 23 வரிகளின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் வேறு நேரம் குறித்திருந்தது: 9.45, 11.10, 10.30 இப்படி. அன்றைக்கெல்லாம் அவர் தாமதமாக வந்திருக்கிறார். தரவு ஒரே சீராக இருக்கவேண்டும் என்பதற்காக அந்த 23 வரிகளையும் எடுத்துவிட்டு, முதல்நாள் எண்ணுக்கும் மறுநாள் எண்ணுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் போட்டு நிரப்பினேன். பிறகு சராசரியைக் கழித்து, நிறமாலை எடுத்தேன்.

நிறமாலை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. காலவரிசையில் அடுக்கிய எண்களுக்குள் என்னென்ன தாளம் ஒளிந்திருக்கிறது, எது பலமாக அடிக்கிறது, எது மெல்ல அடிக்கிறது என்று பிரித்துக் காட்டும் படம். கிடைமட்டத்தில் அலைவெண், செங்குத்தில் பலம். என் படத்தில் ஓர் உச்சி ஊசிபோல நின்றது. காலம் 14.77 நாள். பக்கத்திலேயே 14.2 நாளில் குட்டையாக இன்னொன்று. இடது ஓரத்தில் ஒரு வருஷத்துக்குரிய உச்சி.

எனக்கு ஒரே சந்தோஷம். 14.77 நாள் என்பது அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்கு ஆகும் நாள். சந்திர மாதமான 29.53 நாளில் சரிபாதி. கடல், அமாவாசை பௌர்ணமிக்கு அதிகம் ஏறும் என்பது கரையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தரவு அதையே சொல்கிறது. அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்: இந்த இடத்தில் கடல்மட்டத்தை ஆள்வது பதினைந்து நாள் சுழற்சி. படித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. துறைமுக சர்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எத்தனை மணிக்கு எடுத்தது தம்பி?”

“காலையில 8 மணிக்கு சார்.”

“தினமும் 8-க்கேயா?”

“ஆமா சார். ரொம்பக் கரெக்டா இருப்பார்.”

“அப்ப கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை வத்துமே, அது இந்தப் படத்துல எங்க இருக்கு?”

நான் படத்தைப் பார்த்தேன். இல்லை. இருக்கவும் முடியாது, தினம் ஒரு தடவை அளந்தால், இரண்டு நாளைவிடக் குறைந்த காலமுள்ள எதையும் அந்தப் படம் காட்டாது. அது தெரிந்ததுதான். வேகமான விஷயங்கள் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன்.

“தெரியாமப் போகாது தம்பி. வேற பேர்ல வந்து நிக்கும்” என்றார்.

பேப்பரை எடுத்துப் போட்டுக் காட்டினார். அவர் போட்ட கணக்கில் சைனும் இல்லை, கொசைனும் இல்லை. நாழிகைக் கணக்கு. சந்திரன் தினமும் ஏறக்குறைய இரண்டு நாழிகை தாமதமாக உதிக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு நாழிகை 48 நிமிஷம். சராசரியாக எடுத்தால் 50 நிமிஷத்தைச் சற்றே தாண்டும். ஏற்றமும் வற்றமும் சந்திரன் பின்னாலேயே போகிறவை, ஆகவே அவையும் தினம் 50 நிமிஷம் பிந்தும். இன்று காலை சரியாக 8 மணிக்கு உச்ச ஏற்றம் என்று வையுங்கள். காவலர் பெரிய எண்ணாக எழுதுவார். நாளை ஏற்றம் 8.50-க்கு, அவர் 8 மணிக்குப் பார்க்கும்போது தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், எண் சற்றுக் குறையும். அதற்கு மறுநாள் 9.41. ஒரு வாரம் கழித்து ஏற்றம் பிற்பகல் 2 மணியை நெருங்கியிருக்கும். காலை 8 மணி என்பது வற்றத்தின் அடிமட்டம். எழுதும் எண் மிகச் சிறியது. அப்புறம் மறுபடி கூடும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிஷம். அதைத் தினசரித் தாமதமான ஐம்பது சொச்சம் நிமிஷத்தால் வகுத்தால் வருவது 14.77. அத்தனை நாள் கழித்து மறுபடி 8 மணிக்கு உச்ச ஏற்றம்.

என் ஊசி உச்சி அதுதான். பன்னிரண்டரை மணி நேர ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், பதினைந்து நாள் சுழற்சியின் வேஷத்தில்.

இதில் என்னை மிகவும் பாதித்தது எண் பொருந்திய விதம். அமாவாசை பௌர்ணமிச் சுழற்சியும் 14.77 நாள், இந்தப் பொய்ச் சுழற்சியும் 14.77 நாள். தற்செயல் இல்லை, இரண்டுமே சந்திரக் கடிகாரமும் சூரியக் கடிகாரமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் வருபவை. ஆனால் விஷயம் முற்றிலும் வேறு. அமாவாசை பௌர்ணமிக்கு ஏற்றம் அதிகம் ஏறும், வற்றம் அதிகம் வற்றும். நடுமட்டம் அநேகமாக நகராது. ஒழுங்காக அளந்த தரவில் அந்தச் சுழற்சி 12.42 மணி, 12 மணி என்ற இரண்டு பக்கத்துப் பக்கத்து உச்சிகளாகத்தான் தெரியும். 14.77 நாளில் ஒரு ஊசி நிற்கக் காரணமே இல்லை. நான் சரியான விளக்கம் என்று எழுதியது, தவறான உச்சிக்குப் பொருந்திய ஒரு நம்பிக்கை. பொருந்தாத எண்ணாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

இதற்கு ஆங்கிலத்தில் அலியாசிங் என்று பெயர். போலீஸ் செய்திகளில் ‘என்கிற’ போட்டு இரண்டாவது பெயர் கொடுப்பார்களே, அந்த அலியாஸ்தான். இந்தப் பொருளில் அதைப் பிரபலமாக்கியவர்களில் ஜான் டூக்கி முக்கியமானவர். 1965-இல் ஜேம்ஸ் கூலியோடு சேர்ந்து, நிறமாலையை விரைவாகப் போடும் எஃப்.எஃப்.டி. கணக்கு முறையை வெளியிட்ட அதே டூக்கி. தமிழில் நான் இதை ஆள்மாறாட்டம் என்றே சொல்கிறேன். பரீட்சை ஹாலில் ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தால் விடைத்தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹால் டிக்கெட்டை வாசலில் சோதித்திருக்க வேண்டும்.

விதி சின்னது. எவ்வளவு அடிக்கடி அளக்கிறோமோ, அந்த வீதத்தில் பாதி வரைதான் நிறமாலையில் நேர்மையான இடம். இந்தப் பாதிக்கு நைக்விஸ்ட் அலைவெண் என்று பெயர். ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் தந்தி பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது; ரஷ்யாவில் கோடெல்னிகோவ் 1933-இலும், அமெரிக்காவில் க்ளாட் ஷானன் 1949-இலும் அதை முழுமையாக நிலைநாட்டினார்கள். தினம் ஒரு அளவு என்றால் எல்லை நாளுக்கு அரைச் சுற்று. அதற்கு மேலே இருப்பவை வெட்டப்படுவதில்லை, மடிக்கப்படுகின்றன. ஒரு நீளமான காகிதப் பட்டையில் அலைவெண்களை வரிசையாக எழுதி, 0.5, 1, 1.5, 2 என்று அரை அரையாக விசிறி மடிப்பு மடியுங்கள். மடித்ததும் மேல் மடிப்பில் எது எதன் மேல் விழுகிறதோ அதன் பெயரில்தான் அது தெரியும். சந்திரனின் முக்கிய ஓதத்துக்கு எம்2 என்று குறியீடு. நாளுக்கு 1.9323 சுற்று. 2-க்கு 0.0677 குறைவு. மடித்தால் 0.0677-இல் போய் உட்காரும். ஒன்றை 0.0677-ஆல் வகுத்தால் நம் 14.77 நாள்.

இதே மடிப்பில் மற்றவர்கள் எங்கே போய் விழுகிறார்கள் என்று சார் அன்றே கணக்குப் போடச் சொன்னார். போடப் போட எனக்கு வயிறு கலங்கியது. ஓ1 என்கிற ஒருநாள் ஓதம், 25.82 மணி நேரக் காலம், 14.19 நாளாக மாறுகிறது. என் படத்தில் பக்கத்தில் நின்ற குட்டை உச்சி. கே1 என்கிற இன்னொரு ஒருநாள் ஓதத்துக்குக் காலம் 23.93 மணி. அது நாளுக்கு 1.00274 சுற்று, மடித்தால் 0.00274, அதாவது 365 நாள். ஒரு வருஷம்! நம் கரையில் கடல்மட்டம் பருவத்தோடு உண்மையிலேயே மாறும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உயர்ந்தும் கோடைக்கு முன் தாழ்ந்தும் இருக்கும். அந்த உண்மையான வருஷச் சுழற்சிக்குள் கே1 ஆள்மாறி உட்கார்ந்திருக்கிறது. 8 மணிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் எந்த மகா கணிதத்தாலும் பிரிக்க முடியாது.

எஸ்2 இன்னும் மோசம். அது சூரியனின் ஓதம், சரியாக 12 மணி. தினமும் 8 மணிக்குப் பார்த்தால் அது தினமும் ஒரே கட்டத்தில்தான் இருக்கும். மாறாத ஓர் எண்ணாக உறைந்துபோய், சராசரி கடல்மட்டத்தோடு கலந்துவிடும். நான் முதலில் கழித்தேனே சராசரி, அதுவே தப்பு.

இதெல்லாம் ஒரு காவலர் நோட்டுக்கு மட்டும் வருகிற சங்கடம் என்று நினைக்கவேண்டாம். வானத்திலிருந்து கடல்மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோள்களுக்கும் இதே கதை. ஒரு செயற்கைக்கோள் கடலின் ஒரே இடத்துக்கு மேலே சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். அமெரிக்கக் கடற்படையின் ஜியோசாட் 17 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பியது. அந்த இடைவெளியில் எம்2 எங்கே போய் விழுந்தது தெரியுமா? 317 நாளில். வருஷச் சுழற்சிக்குப் பக்கத்து வீடு.

அதனால் நாசாவும் பிரான்சின் சி.என்.இ.எஸ்.ஸும் சேர்ந்து டோபெக்ஸ்/பொசைடானை 1992 ஆகஸ்ட் 10 அன்று அனுப்பியபோது, சுற்றுப்பாதையைத் தேர்ந்தெடுக்கும்போதே ஓதங்களின் ஆள்மாறாட்டத்தைக் கணக்கில் கொண்டார்கள். 1336 கிலோமீட்டர் உயரம், 66 டிகிரி சாய்வு, 9.9156 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரவு. பத்து நாள் என்று முழுதாக வைத்துக்கொள்ளாமல் இந்தப் பின்னத்தை வைத்திருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சரியாகப் பத்து நாளாக இருந்தால் எஸ்2 உறைந்துவிடும். 9.9156-இல் எம்2 62 நாளாகவும், எஸ்2 58.7 நாளாகவும், கே1 173 நாளாகவும் வருகின்றன. எல்லாம் பொய்ப் பெயர்கள்தான், ஆனால் எந்தப் பெயர் யாருடையது என்று முன்கூட்டியே தெரிந்த பொய்ப் பெயர்கள்; வருஷத்தோடும் ஒன்றோடொன்றும் கலந்துவிடாதவை. நைக்விஸ்ட் எல்லையை மீறாமல் அளக்க வழியே இல்லாத இடத்தில், மீறலை நமக்குச் சாதகமாக அமைத்துக்கொண்டார்கள். இந்தப் பொறியியல் முடிவைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு பிடித்துப்போனது. பின்னால் வந்த ஜேசன் வரிசையும் 2020-இல் போன சென்டினல்-6-உம் இதே பாதை இடைவெளியையே தொடர்ந்தன.

நம் இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி20 மூலம் ஏவிய சரல் வேறு வழியில் போனது. அது சூரியனோடு ஒத்துப்போகும் பாதை, 35 நாள் இடைவெளி. முன்னால் போன ஐரோப்பிய ஈ.ஆர்.எஸ்., என்விசாட் கோள்களின் தடத்தைத் தொடர்வதற்காக. சூரியனோடு ஒத்துப்போகும் பாதை என்றால் ஓர் இடத்தை எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும். அங்கே எஸ்2 உறைகிறது, கே1 வருஷமாகிறது. எங்கள் இறங்குதளத்துக் காவலரின் 8 மணி நோட்டுக்கு வந்த அதே இரண்டு கோளாறு, எண் மாறாமல். அதனால் அந்த வரிசைக் கோள்களின் தரவில் சூரிய ஓதத்தை அதிலிருந்தே கண்டுபிடிக்க முடியாது; வேறு இடத்திலிருந்து பெற்ற ஓதக் கணக்கைக் கொண்டு கழிக்கவேண்டும். அந்தத் தடத்தில் அளப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுத்தார்கள், தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள்.

எனக்கு அந்தத் ‘தெரிந்தே’ முக்கியம். பெரும்பாலான இடங்களில் அளக்கும் இடைவெளியை யாரும் முடிவு செய்வதில்லை. அது பழக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காவலர் 8 மணிக்குப் பார்ப்பது அவர் டூட்டி மாறும் நேரம் என்பதால். சி.டி. இசைத்தட்டில் நொடிக்கு 44,100 அளவுகள் என்கிற எண்ணுக்கும் காதுக்கும் உள்ள சம்பந்தம் பாதிதான். மனிதக் காதின் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ், ஆகவே 40,000-க்கு மேல் வேண்டும். அதற்கு மேல் ஏன் சரியாக 44,100 என்றால், அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்தார்கள், டி.வி. படத்தின் கோட்டுக்கு மூன்று அளவுகள் வீதம் வைத்தால் வரும் எண் அது.

சரி, அடிக்கடி அளந்தால் தீர்ந்ததா? பெரும்பாலும் தீரும், ஆனால் எதையும் அளப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கடல்மேல் பத்து நொடிக்கு ஒரு அலை வந்து போய்க்கொண்டே இருக்கும். மணிக்கு ஒருமுறை தண்ணீர் மட்டத்தைப் பார்த்தால், பார்த்த கணத்தில் அலை முகட்டில் இருந்ததா பள்ளத்தில் இருந்ததா என்பது உங்கள் எண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதையும் மடிப்பு விடாது. பழைய ஓத அளவி நிலையங்களுக்குப் போனால் இதற்கான வைத்தியத்தைக் கண்ணால் பார்க்கலாம். கடலுக்குள் செங்குத்தாக நிறுத்திய அகலமான குழாய். அடியில் ஒரே ஒரு சின்ன ஓட்டை, குழாயின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. வெளியே அலை மோதிக்கொண்டிருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் சட்டியில் ஊற்றிவைத்த மாதிரி அசையாமல் இருக்கும். அந்த ஓட்டை வழியாகப் பத்து நொடிக்குள் போதுமான தண்ணீர் உள்ளே வர முடியாது. ஆறு மணி நேரத்தில் வந்துவிடும். அலை வெளியே நிற்கும், ஓதம் உள்ளே வரும். எலெக்ட்ரானிக்ஸ் ஆட்கள் வடிப்பான் என்று போடுவதை, ஒரு குழாயும் ஓட்டையும் செய்துவிடுகின்றன. முக்கியமானது வரிசை: முதலில் வடி, பிறகு அள. அளந்த பிறகு வடிப்பது, ஆள்மாறாட்டக்காரன் பரீட்சை எழுதி முடித்துப் போன பிறகு வாசலில் காவல் நிற்பது போல.

கையில் ஏற்கெனவே அடர்த்தியான தரவு இருந்து, அதைச் சுருக்கும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும். மணிக்கு ஒரு அளவு வைத்திருப்பவர்கள் 24 எண்களையும் கூட்டி வகுத்துத் தினசரி சராசரி என்று ஒன்று எடுப்பார்கள். ஓதம் எல்லாம் அதில் அடிபட்டுப்போகும் என்ற நம்பிக்கை. எஸ்2 அடிபடும், அது சரியாக 12 மணி. எம்2 முழுதாக அடிபடாது, அதில் 3.5 சதவீதம் மிஞ்சும். 30 செ.மீ. வீச்சுள்ள ஓதத்தில் ஒரு செ.மீ. அந்த ஒரு செ.மீ. எந்தப் பெயரில் வரும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். இதற்காகத்தான் லிவர்பூலில் ஓதக் கணக்கில் வாழ்நாளைச் செலவிட்ட ஆர்தர் டூட்சன், வெறும் சராசரிக்குப் பதிலாக 39 மணி நேர அளவுகளை எடைபோட்டுச் சேர்க்கும் ஒரு வடிப்பானை அமைத்துக் கொடுத்தார். 1944 நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஓதம் கணித்துக் கொடுத்தவர் அவர்.

மழைக்கணக்கில் இந்தச் சிக்கல் குறைவு, ஏன் என்று யோசித்துப் பார்ப்பது பலன் தரும். வானிலைத் துறை தினமும் காலை 8.30-க்கு மழைமானியைப் பார்க்கிறது. நேரம் எங்கள் காவலர் நேரம்தான், ஆனால் மழைமானி 24 மணி நேரமும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பெய்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறது. கேஜ் போர்டு எதையும் சேர்த்து வைக்காது. பார்த்த கணம் மட்டும்தான்.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை 9 மணியை ஒட்டி சென்னைக் கரையில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. ஓதக் கணக்கு எழுத மணிக்கு ஒரு அளவு தாராளமாகப் போதும், எத்தனையோ துறைமுகங்களின் பழைய அட்டவணைகள் அப்படித்தான். சுனாமி அலைக்கு அது போதாது. ஒரு பேச்சுக்கு அலைக்கு அலை 40 நிமிஷம் என்று வைத்தால், மணிக்கு ஒரு அளவில் அது இரண்டு மணி நேர அலையாக மாறித் தெரியும். முகட்டின் உயரம் எவ்வளவு என்பது அளவு எடுத்த கணத்தின் அதிர்ஷ்டம். சுனாமிக்குப் பிறகு ஹைதராபாதில் இன்காய்ஸ் நிறுவனத்தில் எச்சரிக்கை மையம் 2007-இல் வந்தது. இந்த வேலைக்கான ஓத அளவிகள் நிமிஷக் கணக்கில் அளக்கின்றன. கடல் அதே கடல். கேட்கிற கேள்வி மாறினால் இடைவெளி மாறவேண்டும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மாணவர்கள் மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். “நிமிஷத்துக்கு ஒரு அளவு எடுத்தேன், மூன்று நாள் தரவு, 4,320 எண்கள் இருக்கிறது. எம்2-வும் எஸ்2-வும் ஒரே உச்சியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. நொடிக்கு ஒன்று எடுத்தால் பிரியுமா?” பிரியாது. நொடிக்கு ஆயிரம் எடுத்தாலும் பிரியாது. அளக்கும் வேகம், படத்தின் வலது எல்லை எதுவரை என்பதைத்தான் தீர்மானிக்கிறது. பக்கத்துப் பக்கத்து உச்சிகள் பிரிவது எவ்வளவு காலம் அளந்தோம் என்பதைப் பொறுத்தது.

தம்புரா சுருதி சேர்ப்பதைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். சாரணியும் அனுசாரணியும் ஒரே ஷட்ஜத்தில் நிற்கவேண்டும். ஒன்று 200 ஹெர்ட்ஸ், இன்னொன்று 200.5 என்றால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது இரண்டு நொடிக்கு ஒருமுறை நாதம் எழுந்து அமுங்கும். அந்த அசைவைக் கேட்டுத்தான் பிருடையைத் திருப்புகிறார்கள். கால் நொடி மட்டும் கேட்டுவிட்டு யாராலும் சொல்ல முடியாது, காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும். காத்திருந்து ஒரு அசைவு முழுதாகக் கேட்கவேண்டும். எம்2-வும் எஸ்2-வும் ஒருமுறை சேர்ந்து அசைந்து திரும்ப 14.77 நாள் ஆகும். அத்தனை நாளாவது அளக்கவேண்டும். எஸ்2-வையும் அதன் அண்டைவீட்டுக் கே2-வையும் பிரிக்க அரை வருஷம். டோபெக்ஸுக்கு இன்னும் கஷ்டம்: ஆள்மாறிய பெயர்களில் எம்2-வும் எஸ்2-வும் 62 நாளும் 58.7 நாளுமாக நெருங்கிவிட்டதால், அவற்றைப் பிரித்துப் பார்க்க ஏறக்குறைய 3 வருஷத் தரவு தேவைப்பட்டது. மூன்று வருஷமும் கருவி உயிரோடு இருக்கவேண்டும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. அது 2006 வரை, 13 வருஷம், வேலை செய்தது.

என் அறிக்கைக்கு வருகிறேன். சார் என்னைத் திட்டவில்லை. “ஒரு நாள் முழுக்க அங்க போய் உக்காந்து பாரு” என்றார். போனேன். ஒரு சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து ஞாயிறு காலை 8 மணி வரை, அரை மணிக்கு ஒருமுறை. 51 அளவுகள். அலை பலகைமேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பத்து முகடும் பத்துப் பள்ளமும் பார்த்து நடுவை மனதில் பிடித்து எழுதவேண்டும். நான்தான் அங்கே குழாயும் ஓட்டையும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கோடுகள் மங்கி, பாசி படிந்த இடத்தைக் கையால் தேய்த்துப் பார்த்து எழுதினேன். இரண்டு மணிக்குத் தண்ணீர் நன்றாக வற்றி, தூணில் ஒட்டியிருந்த கிளிஞ்சல்கள் வெளியே தெரிந்தன. காலையில் அவை இருந்த இடமே தெரியவில்லை. 8 மணிக்குக் காவலர் அண்ணன் வந்தார், குனிந்து பார்த்தார், நோட்டில் எழுதினார். என் 51-இல் கடைசி எண்ணும் அவர் எண்ணும் ஒரு செ.மீ.கூட வித்தியாசப்படவில்லை. அவர் அளவில் இரண்டு வருஷமாக ஒரு குறையும் இருந்ததில்லை.

“லேட்டா வந்த அன்னிக்கெல்லாம் நேரம் போட்டிருக்கீங்களே அண்ணே, ஏன்?” என்று கேட்டேன்.

“எட்டு மணித் தண்ணி வேற, பதினோரு மணித் தண்ணி வேற இல்லையா தம்பி?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் எடுத்து எறிந்திருந்த 23 வரிகளைத் தேடிப் பிடித்தேன். முதலில் எடுத்தது பொங்கலன்று 11.10-க்கு எழுதியது. என் பதினைந்து நாள் சுழற்சி உண்மையாக இருந்தால், அன்றைக்குக் கடல் நடுமட்டத்துக்கு மேலே 30 செ.மீ. ஏறி நின்றிருக்கவேண்டும், பதினைந்து நாளில் மாறுகிற ஒன்று மூன்று மணி நேரத்தில் எங்கும் போய்விடாது. ஓதம்தான் உண்மை என்றால், 8 மணி ஏற்றம் கால்பங்கு சுற்று கடந்து 11.10-க்கு நடுமட்டத்துக்கு இறங்கியிருக்கவேண்டும். நோட்டில் அவர் எழுதியிருந்தது நடுமட்டத்திலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி. மீதி 22 வரிகளையும் ஒவ்வொன்றாக அன்றிரவே போட்டுப் பார்த்தேன். 8 மணி வரிகள் 707-ஆலும் சொல்ல முடியாததை, அந்த 22-இல் 20 வரிகள் பொங்கல் வரியைப் போலவே சொல்லின. நோட்டின் ஓரத்தில், பென்சிலில், சரியான நேரம் போட்டு.